மாப்பிள்ளை வேஷம்

மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வருகிறது என்று ஒரு பெரியவர் கொண்டு வந்த கண்ணாடியின் காதுக்கம்பியைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் மகள் போன் செய்தாள். கையில் சூடான கம்பி இருந்ததால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"அத்தை, அப்பாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். உங்களைப் பாக்கணும்னு சொல்றாரு. மாமா வேண்டாமாம். நீங்க மட்டும் வரணுமாம்."

மாமா வேண்டாம் என்று அவர் சொன்னதாகக் கேள்விப்படுவது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரரும் மாப்பிள்ளையும் ஒரே பீடியைப் பாதி பாதியாகப் பிடித்தவர்கள். கம்பி அளவுக்கு மேல் வளைந்துவிட்டது. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்பச் சூடு காட்டி நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கடை முதலாளியிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிக் கிளம்பினேன்.

மாப்பிள்ளை என்பது பட்டப்பெயர். அவர் எங்கள் வீட்டில் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுவது அவருடைய தொழில். ஆனால் இந்தப் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. மாப்பிள்ளை என்றால் தெரியும். பன்னிரண்டு வருஷம் அவர் மேடையில் மாப்பிள்ளையாகவும் நான் அவருக்கு மணப்பெண்ணாகவும் நடித்தோம். மேடை என்று சொல்வது மரியாதைக்காக. லாரி நிற்கிற இடம், பேக்டரி வாசல், காலேஜ் மைதானம், சந்தை முடிந்த பிறகு காலியாகிற தரை, எங்கே நாலு பேர் கூடுகிறார்களோ அதுதான் மேடை.

அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்ற வார்த்தையைச் சொல்லும்போதே ஜனங்கள் குரலைத் தாழ்த்துவார்கள். சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. வாத்தியார் என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு மனிதர், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, எங்களை எல்லாம் ஒரு பழைய வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வேனை ஓட்டியவர்தான் பிற்பாடு எனக்கு வீட்டுக்காரர் ஆனார். நாடகத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை, தன் அளவைவிட இரண்டு அளவு பெரிய ஒரு இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு, சென்ட் அடித்துக்கொண்டு, என்னைப் பார்க்க வருவார். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "எல்லாம் சரி, ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?" கூட்டத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சலசலப்புக் கிளம்பும். அதற்குப் பிறகு மாப்பிள்ளை படுகிற பாடுதான் நாடகம். கோபப்படுவார், கெஞ்சுவார், எங்கள் பரம்பரையே சுத்தம் என்பார், கோட்டுப் பையில் கைவிட்டுக் கைக்குட்டையைத் தேடித் தேடி வியர்ப்பார். அவருக்கு ஒரு அண்ணன் பாத்திரம் உண்டு. ஊர் ஊராகப் போய் வருபவன். கடைசிக் காட்சியில் அவன் செத்துப்போவான். அப்போது அந்த வியாதிக்கு எங்கள் கையில் இருந்த முடிவு அது ஒன்றுதான்.

ஆளுக்குத் தகுந்தபடி நாடகத்தை மாற்றுவோம். லாரிக்காரர்களுக்கு ஒன்று, பேக்டரிப் பெண்களுக்கு ஒன்று, காலேஜ் பிள்ளைகளுக்கு ஒன்று. ஒரு காலேஜில் ஆணுறை என்ற வார்த்தை மேடையில் வரவே கூடாது என்று முதல்வர் நிபந்தனை போட்டார். வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எல்லா இடத்திலும் அதைக் குடை என்று மாற்றச் சொன்னார். "குடை இல்லாம வெளியே போகாதே தம்பி" என்று மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொன்னபோது மைதானமே உருண்டு சிரித்தது. முதல்வரும் சேர்ந்து சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று அப்புறம்தான் யோசித்தார்.

வயதானவர்களுக்கு என்று தனியாக நாடகம் எதுவும் எங்களிடம் இல்லை. அவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். மரியாதைக்கு. எல்லோரையும்விட நிம்மதியாகச் சிரித்தவர்கள் அவர்கள்தான். தங்களைப் பற்றிய பேச்சு இல்லை என்ற நிம்மதி. வாத்தியாரே ஒரு கிழவர் வேஷத்தில் வந்து, "எனக்கு எதுக்குய்யா குடை, என் மழைக்காலமே முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு தடவைகூட அந்த வசனத்துக்குக் கைதட்டல் கிடைக்காமல் போனதில்லை.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளைக்கு ஜன்னல் ஓரக் கட்டில் கிடைத்திருந்தது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகெலும்பு சட்டைக்கு மேலேயே எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. நாலைந்து மாதமாகவே காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தார். காசநோயா என்று பார்த்தார்கள். சர்க்கரையைப் பார்த்தார்கள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று ஒரு டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். இப்போது நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறித்தான் சேர்த்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் மகளைக் காபி வாங்க அனுப்பினார்.

"உக்காரு. திரையை இழுத்து விட்டுட்டு உக்காரு."

"என்ன மாப்பிள்ளை, கேன்சரா? எதா இருந்தாலும் சொல்லுங்க."

"அதா இருந்தா போன்லயே என் மக உனக்குச் சொல்லியிருப்பா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இது நம்ம ஆளு."

"நம்ம ஆளா?"

"பன்னெண்டு வருஷமா எவனைத் துரத்திக்கிட்டு ஊர் ஊராத் திரிஞ்சோமோ, அவன்தான். இத்தனை நாள் கழிச்சு வீட்டு விலாசம் கண்டுபிடிச்சு வந்துட்டான்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் அதை அப்படித்தான் சொன்னார், கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி, இடம் விட்டு. சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏ.சி. இல்லாத அந்த வார்டில் அந்தக் கம்பி மட்டும் சில்லென்று இருந்தது.

இவ்வளவு டெஸ்ட் எடுத்த யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. புதிதாக வந்த ஒரு சின்னப் பெண், டாக்டருக்குப் படித்து முடித்தும் முடிக்காததுமாக இருப்பவள், அவள்தான் அவருடைய பைலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்து, மேலே போக முடியாமல் முகம் சிவந்துவிட்டதாம்.

"நான் சொன்னேன், வெக்கப்படாதே தாயி, கேளு. இந்தக் கேள்வியை எல்லாரும் கேக்கணும்னு சொல்லி நான் தொண்டை வத்தக் கத்தியிருக்கேன். கேட்டுடுன்னேன். அவ கேட்டா. நான் பதில் சொன்னேன். ரத்தம் எடுத்தாங்க. முடிஞ்சுது."

"எப்படி மாப்பிள்ளை? உங்களுக்குத் தெரியாததா?"

அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அவருடைய மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு வேலைக்காக வெளியூரில் ஒரு வருஷம் தங்கியிருந்தார். அங்கே ஒருத்தியோடு பழக்கம். அவளும் தனியாள்தான், நல்ல மாதிரி. அதற்கு மேல் அவர் அவளைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தெரியும். எல்லாம் தெரியும். ஆனா அது சின்ன வயசுக்காரங்க சமாச்சாரம்னு எனக்குள்ளேயே ஒரு நினைப்பு இருந்திருக்கு. ரெண்டு பேருக்கும் தலை நரைச்சாச்சு, இனிமே பிள்ளையா பொறக்கப்போவுது, குடை எதுக்குன்னு நினைச்சேன். வாத்தியார் வசனத்தைக் கேட்டு முன்வரிசையில உக்காந்து சிரிச்சவனுங்கள்ள நானும் ஒருத்தனா இருந்திருக்கேன், எனக்கே தெரியாம."

பிறகு அவர் முக்கியமான விஷயத்துக்கு வந்தார். அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். டெய்லரம்மா.

டெய்லரம்மாவை எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். ஒரு காலத்தில் துணி பேக்டரியில் தைத்தவள், இப்போது சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதிருக்கும். விதவை. மாப்பிள்ளை ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிடிக்கக் கொடுக்கப் போன இடத்தில், அவள் நிமிர்ந்து பார்த்து, "நீங்க அந்த நாடகத்துல வர்ற மாப்பிள்ளைதானே" என்று கேட்டிருக்கிறாள். அதிலிருந்து தொடங்கியது. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவள் கடையில் போய் உட்கார்ந்திருப்பார். மகளுக்குத்தான் அது பிடிக்கவில்லை. 'அந்த டெய்லர்' என்றுதான் சொல்வாள். அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அவருடைய போனைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டாள். டெய்லரம்மாவை யாரும் வரச் சொல்லவில்லை.

"அவகிட்ட நீ சொல்லிடேன்" என்றார் மாப்பிள்ளை. "பொம்பளைக்குப் பொம்பளை. உனக்குச் சொல்ல வரும்."

"பன்னெண்டு வருஷத்துல உங்க வசனத்தை ஒரு நாளாவது நான் பேசியிருக்கேனா?"

"இல்ல."

"இப்பவும் பேச மாட்டேன். கூட்டிக்கிட்டு வர்றேன். நீங்க சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திரைக்கு வெளியே மகள் காபியோடு வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. "உள்ள வாம்மா" என்றேன்.

அவளிடம் அவரே சொன்னார். சுற்றி வளைக்காமல், வியாதியின் பெயரைச் சொல்லி. மகள் காபியைக் கீழே வைக்க இடம் தேடினாள். முதலில் அவள் கேட்டது, "அம்மாவுக்கும் இருந்துதா?" இல்லை, அம்மா போய் வெகுநாள் கழித்து வந்தது என்று சொன்னதும், அவள் முகம் தளர்ந்து, அடுத்த நிமிஷமே வேறு மாதிரி இறுகிவிட்டது. "இந்த வயசுல, அப்பா" என்றாள்.  வியாதியைவிட அந்த வயதுதான் அவளுக்குத் தாங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்குக் காய்ச்சல் வரலாம், கண் மங்கலாம், முட்டி வலிக்கலாம். இது மட்டும் வரக்கூடாது, ஏனென்றால் இது வருவதற்கு முன்னால் வேறொன்று நடந்திருக்க வேண்டும்.

அந்தச் சின்ன டாக்டர் வந்து அவளை வெளியே அழைத்துப்போய்ப் பேசினாள். நானும் கூடவே நின்றேன். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது, ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தினால் வராது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் மெகாபோனில் கத்திய வரிகள். அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் எனக்குப் புதிது. தினமும் மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும், அப்படியே குறைந்திருக்கிறவரை உறவில்கூட இன்னொருவருக்குப் பரவாது, வயதானதால் உடம்பு தேறக் கொஞ்சம் கூட நாள் பிடிக்கும், ஆனால் தேறுவார் என்றாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை மைதானங்களில் அந்த அண்ணனைச் சாகடித்திருக்கிறோம். வாத்தியார் இருந்திருந்தால் அன்றைக்கே வேனை ஓரங்கட்டச் சொல்லி, கடைசிக் காட்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதியிருப்பார்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். "உன் இஷ்டம், அவன் மூஞ்சியை எப்படிப் பாக்கப்போறேன்னு மட்டும் தெரியல" என்றிருந்தார்.  கேட்டு முடித்ததும் இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்து, கேட்காமலேயே மாப்பிள்ளையின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

"ஏன்டா, வண்டி ஓட்டினவனுக்கு ரோடு தெரியாதுன்னு நினைச்சிட்டியா?"

மாப்பிள்ளை அப்போதுதான் அழுதார். மகளிடம் அழவில்லை, என்னிடம் அழவில்லை.

அந்த வேனை நினைத்தால் எனக்கு இப்போதும் மண்ணெண்ணெய் வாசனை வரும். பின்கதவு சரியாகச் சாத்தாது; கயிறு போட்டுக் கட்டியிருப்போம். மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் என்னைப் "பொண்டாட்டி" என்று கூப்பிடுவார். முன்சீட்டிலிருந்து இவர் திரும்பாமலேயே, "மேடையில மட்டும்தான்டா. கீழ எறங்கினா என் கணக்கு" என்பார். ஒரு சந்தையில் ஒரு அம்மாள், மாப்பிள்ளை தன் நிஜ மனைவியோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வழிமறித்து, "அந்த நல்ல பொண்ணை விட்டுட்டு இவ கூட எங்க சுத்துற" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அந்த மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் எங்களுக்கு நிஜமான வேலை. யாராவது ஒருவன் வேனுக்குப் பின்னால் வந்து, கயிற்றுக் கதவருகே நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "என் கூட்டாளி ஒருத்தனுக்கு ஒரு சந்தேகம்" என்பான். எல்லா ஊரிலும் அந்தக் கூட்டாளி இருந்தான். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவனோடு டயர் மேல் உட்கார்ந்துவிடுவார். அவரிடம் பேச யாருக்கும் வெட்கம் வந்ததில்லை. அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று இவர் ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார். அவர்களில் எத்தனை பேர் தப்பித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தப்பித்தவன் திரும்பி வந்து சொல்வதில்லை.

மறுநாள் டெய்லரம்மாவின் கடைக்குப் போனேன். ஒரு கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடம். உள்ளே நிற்கும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்கிற மெஷின் ஒன்று, தைத்து முடித்த பள்ளிக்கூடச் சீருடைகள் ஒரு கம்பியில். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"இருக்காரா?"

"இருக்காரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். வாங்க."

"என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர் வாயால கேளுங்க."

 அவள் கத்தரிக்கோலை டிராயரில் வைத்துப் பூட்டினாள். ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் புடவையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். வார்டு வாசலில் மகள் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மகள் எழுந்து வழிவிட்டாள். வாங்க என்று சொல்லவில்லை, ஆனால் எழுந்தாள்.

நான் திரைக்கு வெளியே நிற்கப் பார்த்தேன். மாப்பிள்ளை என்னை இருக்கச் சொன்னார். அவர் டெய்லரம்மாவிடம் சொன்ன விதத்தை நான் மறக்க மாட்டேன். அதில் இடம் விட்டுப் பேசுவது இல்லை, குரல் ஏற்ற இறக்கம் இல்லை. எனக்கு இது இருக்கு, உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கணும், எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் நான் பாக்கல, உனக்கும் வந்திருக்கலாம், டெஸ்ட் எடுத்துக்கோ. அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார், குளிருகிறவர் மாதிரி.

டெய்லரம்மா நின்றபடியே இருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் டிரான்சிஸ்டரில் ஏதோ விலை நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேச ஆரம்பித்தபோது என்னைப் பார்த்துத்தான் பேசினாள், அவரைப் பார்க்கவில்லை.

"உங்க நாடகத்தை நான் பேக்டரி வாசல்ல பார்த்தேன். அப்ப எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம். வீட்டுக்காரருக்கு வண்டியில போற வேலை. மாசத்துல பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டாரு. நீங்க அந்தக் கேள்வியைக் கேட்டீங்க. இப்படிக் கூடக் கேக்கலாமான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பல்லு ஒடைஞ்சுது."

வாயின் ஓரத்தை விரலால் லேசாக விலக்கிக் காட்டினாள். உள்ளே ஒரு இடம் காலியாக இருந்தது.

"ஆனா விடல. டெஸ்ட் எடுக்கற வரைக்கும் பக்கத்துல வராதேன்னு சொல்லிட்டேன். அத்தை, நாத்தனார், என் சொந்த அண்ணன், எல்லாரும் வந்து நியாயம் பேசினாங்க. அவர் எடுக்கவே இல்ல. அப்புறம் நாலு வருஷத்துல எலும்பும் தோலுமாப் படுத்தாரு. நான்தான் பாத்தேன். கடைசி வரைக்கும் நான்தான் பாத்தேன். எனக்கு ஒண்ணும் வரல."

மாப்பிள்ளை எழுந்து உட்காரப் பார்த்தார். "இதை எங்கிட்ட சொன்னதே இல்லையே."

இப்போது அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அவரைக் கேக்கச் சொன்னீங்க, கேட்டேன். உங்களையும் கேக்கணும்னு யாரும் சொல்லலையே."

குரலை உயர்த்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் இருந்த மகள், அவள் போவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் மகள் காதில் விழுந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, அப்பாவின் போனைக் கைப்பையிலிருந்து எடுத்து, சார்ஜில் போட்டு, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

டெஸ்ட் எடுக்க நான்தான் கூடப் போனேன். டெய்லரம்மா வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த அறையின் வெளியே பெஞ்சில் இரண்டு காலேஜ் பிள்ளைகள், வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண், யூனிபார்மில் ஒரு காவலாளி. சுவரில் ஒட்டியிருந்த படங்களில் எல்லாம் இளம் ஜோடிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நரைத்த தலைகூட இல்லை. உள்ளே இருந்த இளைஞன் மரியாதையாக எழுந்து எங்களுக்கு நாற்காலி போட்டான்.

"யாருக்கும்மா? பையனுக்கா, பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் டெய்லரம்மா.

அவன் என்னைப் பார்த்தான்.  அவன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றினான். பாவம், நல்ல பையன். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் துணி அளவு சொல்வது மாதிரி நேராகப் பதில் சொன்னாள்.

முதல் டெஸ்டில் இல்லை என்று வந்தது. ஆனாலும் கடைசியாகப் பழகிய நாளிலிருந்து கணக்குப் பார்த்து, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்தால்தான் உறுதி என்றான். அவள் தலையசைத்தாள். வெளியே வந்ததும் எனக்கு நன்றி சொன்னாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. சீருடைகள் பாக்கி இருக்கின்றன என்று கடைக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். மகள் வீட்டில் வெளிச்சம் நன்றாக வருகிற முன்னறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்திருந்தாள். ஆரம்ப நாட்களில் அவருடைய தம்ளரைத் தனியாகக் கழுவினாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு ஒரு நாள் போனபோது அது எல்லாத் தம்ளர்களோடும் சேர்ந்து கவிழ்ந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டால் முதலில் தலை சுற்றியது, கனவுகள் வந்தன, பழகிவிட்டது. இவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அவரோடு சீட்டாடினார். ஆட்டத்தின் நடுவில் பழைய ஊர்கள் வரும். அந்தப் பாலத்துப் பக்கம் டயர் வெடித்ததே, அந்தச் சந்தையில் மழையில் நனைந்தபடி ஆடினோமே, வாத்தியார் வசனத்தை மறந்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தே அடுத்து என்ன என்று கேட்டாரே. டெய்லரம்மாவைப் பற்றி யாரும் பேச மாட்டோம். ஆனால் போன் அடித்தால் மாப்பிள்ளை சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எடுப்பார். மருந்துக் கடை. கரண்ட் பில் அறிவிப்பு. அவருடைய மோட்டார் வாடிக்கைக்காரர் யாராவது. ஒருமுறை நான் அவள் கடை வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிரவில்லை.

ஒரு சாயங்காலம், நான் அவருடைய படிக்கிற கண்ணாடிக்குப் புது வில்லை போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து அதை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மகள்தான் போய்ப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள்.

டெய்லரம்மா கையில் ஒரு பையோடு அறை வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மாப்பிள்ளை நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். படிக்கிற கண்ணாடி வழியாக அவள் மங்கலாகத்தான் தெரிந்திருப்பாள்.

"அடுத்த வாரம் ரெண்டாவது டெஸ்ட்" என்றாள்.

"நான் கூட வரட்டுமா?"

 அவள் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவர் போட்டிருந்தது பழைய சட்டை. அவளே தைத்தது, நோய்க்கு முன்னால் எடுத்த அளவு. தோள்பட்டைத் தையல் பாதிக் கைவரை இறங்கியிருந்தது. கழுத்துப் பட்டன் போட்டிருந்தும் இரண்டு விரல் நுழைகிற இடம். அவள் முகத்தில் முதலில் எரிச்சல்தான் வந்தது, வேறு யாரோ மோசமாகத் தைத்த துணியைப் பார்க்கிறவளைப் போல. பையைக் கீழே வைத்தாள். உள்ளே துழாவி டேப்பையும் ஒரு சின்ன டப்பாவையும் எடுத்தாள்.

"கையத் தூக்குங்க."

அவர் தூக்கினார். அவள் அவருக்குப் பின்னால் போய் நின்று, தளர்ந்திருந்த துணியை இரண்டு பக்கமும் கையால் பிடித்துப் பார்த்தாள். டப்பாவிலிருந்து குண்டூசிகளை எடுத்து உதட்டுக்கு நடுவில் வரிசையாக வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, விலா எலும்பில் படாமல், துணியை மட்டும் பிடித்துக் குத்திக்கொண்டு வந்தாள். வாயில் ஊசி இருந்ததால் அவளால் பேச முடியாது.  கை சோர்ந்துபோன பிறகும் அவர், இறக்கச் சொல்கிறவரை இறக்கக்கூடாது என்பதுபோல, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.